மின்னல் பெரிதா, பாட்டரி பெரிதா?

"இது என்ன அசட்டுக் கேள்வி? மின்னல்தான் பெரிது என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லுமே!" என்று நீங்கள் சிரிப்பீர்கள். நானும் அப்படித்தான் சிரித்தேன். சென்ற ஐப்பசியில், பெரம்பலூரில் என் நாத்தனார் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்த பிறகு சிரிப்பதில்லை. அரிசி அளக்கும்போது படி எது, ஆழாக்கு எது என்று தெரிந்து வைத்திருக்கும் நாம், மின்சாரத்தின் படியையும் ஆழாக்கையும் மட்டும் கடைக்காரர் சொன்னபடி கேட்டுக்கொண்டு வருகிறோமே, அது எவ்வளவு பிசகு என்று அந்த இரண்டு நாளில்தான் புரிந்தது.

எங்கள் வீடு அரியலூரில். சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, மக்காச்சோளக் கொல்லைகளையும் பருத்திக் காடுகளையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்தில் பெரம்பலூர் வந்துவிடும். நாத்தனாரிடமிருந்து காலையில் போன் வந்தது. மத்தியானம் நானும் என் வீட்டுக்காரரும் பஸ் ஏறிவிட்டோம். விஷயம் அப்படி.

நாத்தனாரின் மாமியாருக்கு வெகு நாளாக மூச்சிரைப்பு உண்டு. மருந்தை ஆவி போலாக்கி மூச்சோடு இழுக்கச் செய்யும் நெபுலைசர் கருவி வீட்டிலேயே இருக்கிறது. முதல் நாள் இரவு மழைக்காற்றில் எங்கோ கம்பி அறுந்து, மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. இரைப்பும் அந்த நேரம் பார்த்துத்தான் வந்தது. கருவி பக்கத்திலேயே இருந்தும் பயனில்லை. கிழவியைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, விசிறி மட்டையால் வீசிக்கொண்டே விடிய விடியக் கண்விழித்திருக்கிறார்கள். 2012-ஆம் ஆண்டு மின்வெட்டில் நம் ஊர்கள் பட்ட பாடு யாருக்கும் மறந்திராது. இப்போது அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் மழை, காற்று, பராமரிப்பு நாள் என்று கரண்ட் போகத்தான் செய்கிறது.

"அண்ணி, இனிமேல் பொறுக்க முடியாது. இன்வர்ட்டர் ஒன்று வாங்கிவிடவேண்டியதுதான். அண்ணனை அழைத்துக்கொண்டு வாருங்கள், கணக்குப் பார்க்க எங்களுக்குத் தெரியாது" என்றாள்.

என் வீட்டுக்காரர் பௌதிக ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கு என்று யாராவது கூப்பிட்டால் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டுக் கிளம்புகிறவர்!

இருபதாயிரமா, நூற்றைம்பதா?

கடைக்கு நாங்கள் மூவரும், எட்டாம் வகுப்பு படிக்கும் நாத்தனார் மகளும் போனோம். கடைக்காரர் ஒரு பெரிய பாட்டரியைத் தட்டிக் காட்டினார். தனி ஆளாகத் தூக்க முடியாத கனம். மேலே '150 ஏ.ஹெச்.' என்று எழுதியிருந்தது.

பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை, இவர் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்! இவ்வளவு பெரிய பெட்டியில் வெறும் 150 தான். என் பைக்குள் இருக்கிற பவர் பாங்கில் 20,000 என்று போட்டிருக்கிறதே! அதையே இரண்டு வாங்கி அப்பாயிக்கு வைத்துவிடலாமே!"

ரகசியமாகச் சொன்னதாக அவளுக்கு நினைப்பு. கடை முழுவதும் கேட்டுவிட்டது. கடைக்காரர் நல்ல மனிதர், சிரித்தார். என் வீட்டுக்காரரோ, இதற்காகவே காத்திருந்தவர் போல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"உன் பவர் பாங்கில் 20,000 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, வாசி."

"எம்.ஏ.ஹெச்., மாமா."

"அந்த 'எம்' என்ற எழுத்துத்தான் உன்னை ஏமாற்றியது, இவர் அல்ல. அது மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு. மில்லி ஆம்பியர்-மணி ஆயிரம் சேர்ந்தால் ஓர் ஆம்பியர்-மணி. உன்னுடைய 20,000 என்பது 20 ஆம்பியர்-மணி. இவருடைய பெட்டியை உன் கணக்கில் எழுதினால் 1,50,000."

பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. நான் அவளைத் தேற்றினேன். "நீ ஆழாக்குக் கணக்கில் சொன்னாய், அவர் மரக்கால் கணக்கில் எழுதியிருக்கிறார். அவ்வளவுதான்."

சகோதரிகளே, இந்த ஓர் எழுத்தைக் கவனித்தாலே பாதி ஏமாற்றம் தீர்ந்தது. மீதிப் பாதிக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூலும் என்ற படி

பாட்டரி மேல் எழுதியிருக்கும் எண் எதை அளக்கிறது? மின்னூட்டத்தை. குழாயில் வரும் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பது ஆம்பியர். எத்தனை குடம் நிரம்பியது என்பது மின்னூட்டம். மேல் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ட்.

மின்னூட்டத்தை அளக்கும் முறையான படிக்குக் கூலும் என்று பெயர். ஓர் ஆம்பியர் வேகத்தில் ஒரு விநாடி ஓடினால் ஒரு கூலும். ஒரு மணிக்கு 3,600 விநாடி அல்லவா? ஆகவே ஓர் ஆம்பியர்-மணி என்றால் 3,600 கூலும். மில்லி ஆம்பியர்-மணி என்றால் 3.6 கூலும். இவ்வளவுதான் வாய்பாடு!

சார்ல்ஸ் கூலும் என்பவர் 1736-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். ராணுவத்தில் கோட்டை கட்டும் பொறியாளராக இருந்தவர். மெல்லிய கம்பி ஒன்றைத் தொங்கவிட்டு, அது முறுக்கிக்கொள்ளும் அளவைப் பார்த்து, மின்னூட்டங்கள் ஒன்றையொன்று எவ்வளவு பலமாகத் தள்ளுகின்றன, இழுக்கின்றன என்று 1785-இல் கணக்கிட்டுக் காட்டினார். 1881-இல் பாரிஸில் கூடிய சர்வதேச மின்சார மாநாடு அவர் பெயரையே அளவுக்குச் சூட்டியது.

ஒரு கூலும் என்பதில் எத்தனை எலெக்ட்ரான்கள் தெரியுமா? சுமார் 62,000 கோடிக் கோடி! 2019 மே 20 முதல் கூலும் அளவையே எலெக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கொண்டு நிர்ணயித்துவிட்டார்கள்.

கூலும் எல்லாக் காரியத்துக்கும் சௌகரியமாக இருப்பதில்லை. உலர்ந்த தலையைச் சீப்பால் வாரிவிட்டு, அந்தச் சீப்பைக் காகிதத் துணுக்குகளிடம் கொண்டுபோனால் குதித்து ஒட்டிக்கொள்ளும், பார்த்திருக்கிறீர்கள். அந்தச் சீப்பில் இருப்பது கூலும் கணக்கில் மிக மிகச் சொற்பம். அந்த மாதிரி வேலைக்குப் பழைய விஞ்ஞானிகள் ஒரு குட்டி அளவு வைத்திருந்தார்கள். அதில் சுமார் 300 கோடி சேர்ந்தால்தான் ஒரு கூலும். ரசாயனக்காரர்களோ பெரிய மரக்காலாக ஒன்று வைத்துக்கொண்டார்கள். அதற்கு ஃபாரடே என்று பெயர். அது ஏறக்குறைய 96,485 கூலும். பொன்னுக்குக் குன்றிமணி, நெல்லுக்குக் கலம் என்று நம் பாட்டிமார் வைத்திருந்தது போலத்தான்.

வெள்ளியில் ஒரு கணக்கு

"எண்ணாகச் சொன்னால் எனக்கு ஏறவில்லை, கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்" என்றேன் நான்.

அதற்கு அவர் சொன்ன பதில் என் மனத்தில் அப்படியே பதிந்துவிட்டது. ஒரு காலத்தில் விஞ்ஞானிகளும் இதே கஷ்டப்பட்டு, மின்சாரத்தை வெள்ளியால் அளந்தார்களாம்! வெள்ளி உப்பு கரைந்த நீரில் மின்சாரத்தை ஓடவிட்டால், தகட்டின் மேல் சுத்த வெள்ளி படியும். நகைக்கு முலாம் பூசுகிறார்களே, அதே முறைதான். ஒரு கூலும் ஓடினால் 1.118 மில்லிகிராம் வெள்ளி படியும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. 1893-இல் சிகாகோ மாநாட்டில் ஆம்பியருக்கு இதையே அளவாக ஏற்றார்கள். 1948-இல் புது அளவு வரும்வரை இந்த வெள்ளிக் கணக்கு உலகத்தில் செல்லுபடியாயிற்று.

வெள்ளி என்றதும் நமக்குக் கணக்கு வராமல் போகுமா? நானே போட்டுவிட்டேன். ஓர் ஆம்பியர்-மணிக்கு 3,600 கூலும்; அதற்கு ஏறக்குறைய 4 கிராம் வெள்ளி. ஆகவே ஆம்பியர்-மணியை நாலால் பெருக்கினால் வெள்ளியின் எடை வந்துவிடும்.

கையிலுள்ள செல்போனில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 5 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 18,000 கூலும், 20 கிராம் வெள்ளி. குழந்தைக்கு ஒரு ஜோடி மெல்லிய கொலுசு. பெண்ணின் பவர் பாங்குக்கு 80 கிராம். நல்ல கனமான கொலுசு. கடைக்காரரின் 150 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் 5,40,000 கூலும். 600 கிராம் வெள்ளி. கல்யாணத்துக்குக் குத்துவிளக்கே செய்துவிடலாம்!

அளவு மட்டும் போதாது

"அப்படியானால் பவர் பாங்க் ஏழெட்டு வாங்கினால் இந்தப் பாட்டரிக்குச் சரியாகிவிடும், இல்லையா மாமா?" என்றாள் பெண். இருபதை ஏழரையால் பெருக்கினால் நூற்றைம்பது. கெட்டிக்காரிதான்!

ஆனால் இங்கேதான் இரண்டாவது பிசகு ஒளிந்திருக்கிறது. தண்ணீர் எத்தனை குடம் என்பதோடு, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதும் சேர்ந்துதான் வேலை நடக்கும். பவர் பாங்கின் எண், உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களின் கணக்கு. 20 ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. இன்வர்ட்டர் பாட்டரி 12 வோல்ட். 150-ஐ 12-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. ஏழரை மடங்கு அல்ல, இருபத்து நாலு மடங்கு!

மின்கட்டணத்தில் யூனிட் என்று போடுகிறார்களே, அது 1,000 வாட்-மணி. அது மின்னூட்டத்தின் அளவு அல்ல, நடந்த வேலையின் அளவு. அவ்வளவு பெரிய பாட்டரிக்குள் இருப்பது மொத்தம் 1.8 யூனிட்தான்.

மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியில் '60 வோல்ட், 30 ஆம்பியர்-மணி' என்று போட்டிருந்தால், முப்பதுதானா என்று முகம் சுளிக்க வேண்டாம். 60-ஐ 30-ஆல் பெருக்குங்கள். அதே 1,800! வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ பிள்ளையை அனுப்பும் தாய்மாருக்கும் இது உதவும். விமானத்தில் பவர் பாங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். பொதுவாக 100 வாட்-மணி வரைதான் தனி அனுமதி இல்லாமல் விடுவார்கள். 3.7 வோல்ட் கணக்கில் அது சுமார் 27,000 மில்லி ஆம்பியர்-மணி.

இனி அப்பாயியின் கணக்குக்கு வருவோம். இரவில் ஓடவேண்டியது 75 வாட் விசிறி இரண்டு, 10 வாட் விளக்கு மூன்று. மொத்தம் 180 வாட். 12-ஆல் வகுத்தால் 15 ஆம்பியர். நூற்றைம்பதைப் பதினைந்தால் வகுத்தால் பத்து மணி நேரம்.

"காகிதத்தில் பத்து" என்றார் என் வீட்டுக்காரர். பாட்டரியின் 150 என்ற எண், இருபது மணி நேரம் நிதானமாகச் செலவழித்தால் கிடைப்பது. அவசரமாக உறிஞ்சினால் குறையும். இன்வர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும். பாட்டரியை அடிவரை சுரண்டினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே பாதிக்குச் சற்று மேலே, ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. நெபுலைசர் 150 வாட் என்றாலும் கால் மணி நேரம் ஓட மூன்று ஆம்பியர்-மணி போதும். நூறு ஆம்பியர்-மணிப் பாட்டரியாக இருந்தால் நாலு மணி நேரத்தில் கை விரித்துவிடும். இரைப்பு அதிகாலையில்தான் வருகிறது. இருநூறு வாங்கினால் வீண் செலவு. நூற்றைம்பதே போதும் என்று முடிவாயிற்று.

கடைக்காரர் இரண்டு புத்திமதி சொல்லி அனுப்பினார். பாட்டரியில் வாலை நீர் தவிர, குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது. சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பற்றும் வாயு வெளிவரும். ஆகவே காற்றோட்டமான இடத்தில் வைக்கவேண்டும். பக்கத்தில் விளக்கேற்றக் கூடாது.

வானத்தின் கணக்கு

மறுநாள் சாயங்காலம் வானம் கருத்தது. மொட்டை மாடியில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். எங்கோ தூரத்தில் உருமியது. யார் கண்ணிலும் படாமல் அப்பாயி கூடையோடு மாடிப்படி ஏறிவிட்டாள். ஒரு மின்னல் வெட்டிற்று. என் வீட்டுக்காரர் எண்ணத் தொடங்கினார். ஒன்பது எண்ணுவதற்குள் இடி இடித்தது. சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி. ஆக, மின்னல் மூன்று கிலோமீட்டரில்!

பெண் மாடிக்குத் தாவி ஓடி, அப்பாயியின் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். "சோளம் நனைகிறதே, பாவி!" என்று கிழவிக்கு ஆத்திரம். மழை கொட்டித் தீர்த்தது. நனைந்த சோளம் நனைந்ததுதான்.

அப்புறம் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பெண் கேட்டாள். "மாமா, ஒரு மின்னலில் எத்தனை கூலும்?"

"சாதாரணமாகப் பதினைந்து, இருபது."

"ஆயிரமா? லட்சமா?"

"வெறும் பதினைந்துதான்."

நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்தோம். வெள்ளிக் கணக்கில் 17 மில்லிகிராம்! மூக்குத்தித் திருகுக்குக்கூடக் காணாது. கையிலுள்ள செல்போனில் அதைப் போல ஆயிரத்து இருநூறு மடங்கு மின்னூட்டம் இருக்கிறது. அதைக் குழந்தைகூட எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறது. மின்னலோ பனைமரத்தைப் பிளந்துவிடுகிறது!

காரணம், நாம் கடையில் கற்ற அதே பாடம்தான். பாட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டுக்கு எதிரே மின்னலுக்குப் பத்துக் கோடி வோல்ட் என்ற அளவில் வேகம். அரியலூர் ரயில் பாதைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் என்பதால் அருகில் போகாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் போல நாலாயிரம் மடங்கு! பதினைந்து கூலும்களைப் பத்துக் கோடி வோல்ட்டால் பெருக்கினால் நானூறு யூனிட்டுக்கு மேல் வரும். அதுவும் ஒரு விநாடிக்குள் தீர்ந்துவிடுகிறது. உச்சத்தில் 30,000 ஆம்பியர் பாய்கிறது. போன், ஒரு நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறது. மின்னல், கண் மூடித் திறப்பதற்குள் கொட்டிவிடுகிறது.

இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரம் பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியாகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார்; வயலிலும் மரத்தடியிலும் வெட்டவெளியிலும் இருந்தவர்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மழைக் காலத்தில் கொல்லையில் வேலை செய்கிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே இதை மறக்காதீர்கள். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். முப்பதுக்குள் இடி கேட்டால், கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். ஒற்றை மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. வீட்டுக்குள்ளும் சார்ஜில் செருகிய போனில் பேச வேண்டாம். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையம் 'தாமினி' என்று ஒரு செல்போன் செயலியைத் தயாரித்திருக்கிறது; பக்கத்தில் மின்னல் வருகிறதா என்று அது எச்சரிக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் பாயும் என்று பயந்து பலர் விலகி நிற்கிறார்கள். அது தவறு. அந்தப் பதினைந்து கூலும்களும் அந்தக் கணமே பூமிக்குள் போய்விட்டன. அவர் உடம்பில் ஒரு கூலும்கூடத் தங்கியிருக்காது. தாராளமாகத் தொடலாம், உடனே தொட வேண்டும்! இன்னும் இடி இடித்துக்கொண்டிருந்தால் அவரைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். 108-க்குச் சொல்லுங்கள். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் நடு மார்பில் இரு கைகளையும் வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்துங்கள். சேற்றில் புதைப்பது போன்ற வைத்தியங்களில் நேரத்தைப் போக்காதீர்கள். போன உயிர் திரும்பி வந்தது போல் எழுந்தவர்கள் உண்டு.

அன்று இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. 'டக்' என்று ஒரு சத்தம், விசிறி நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பாயிக்கு இரைப்பு வந்தது. நாத்தனார் எழுந்து கருவியைப் போட்டாள். கால் மணி நேரத்தில் கிழவி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"எத்தனை கூலும் குடித்தாய், அப்பாயி?" என்று இருட்டில் பெண்ணின் குரல் கேட்டது.

நான் விரல் விட்டு எண்ணினேன். மூன்று ஆம்பியர்-மணி, 10,800 கூலும். வெள்ளியில் சொன்னால் பன்னிரண்டு கிராம். ஒரு ஜோடி மெட்டிதான்.

"அது கிடக்கட்டும். நனைந்த சோளத்தை விடிந்ததும் யார் கிளறிப் போடப் போகிறீர்கள்? அதற்கு ஒரு கணக்குச் சொல்லச் சொல் உன் மாமாவை!" என்றாள் அப்பாயி.

என் வீட்டுக்காரர் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார்.